குழாயடி – 9: எவர்சில்வரில் யாருடைய துரு?

“தம்பி, எவர்சில்வர்னு சொல்லித்தானே காசு வாங்கினீங்க?”

மொட்டை மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில், ஆறே மாதத்தில் பழுப்பேறிய எல்போவைக் காட்டி வீட்டுக்காரம்மா கேட்கிற கேள்வி. பிளம்பரிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். “தண்ணி அப்படிம்மா” என்பது ஒன்று. “கடைக்காரன் டூப்ளிகேட் குடுத்துட்டான்” என்பது இன்னொன்று. இரும்புலியூர் தாண்டிப் பெருங்களத்தூருக்குள் நுழைந்தால், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இந்தப் பேச்சு காதில் விழக்கூடும். இரண்டு பதிலிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பல சமயம் அந்தத் துரு எல்போவுடையதே அல்ல. வேறெங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது.

சென்ற வாரம் பார்த்த ஜி.ஐ. குழாய்க்குத் துத்தநாகப் பூச்சு காவல். எவர்சில்வருக்குப் பூச்சு எதுவும் கிடையாது. உருக்கில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் கலந்திருந்தால், அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே ஒரு தோலை உண்டாக்கிக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன்தான். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கீறினால் தானே மீண்டும் வளரும். அதற்கு ஆக்சிஜன் வேண்டும், பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

1913 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், தேயாத துப்பாக்கிக் குழல் செய்ய வழி தேடிய ஹாரி பிரியர்லி, 12.8 சதவீதம் குரோமியம் கலந்த உருக்கை வார்த்தார். வினிகரும் எலுமிச்சைச் சாறும் அதை அரிக்கவில்லை. ‘துருவேறாத உருக்கு’ என்றுதான் அவர் சொல்லிவந்தார். கத்தித் தொழிற்சாலை மேலாளர் ஒருவர் ‘கறைபடாத உருக்கு’ என்று மாற்றினார். நம் ஊரில் அது இன்னும் ஒருபடி மேலே போய், என்றைக்கும் வெள்ளியாகிவிட்டது.

அடுக்களையில் அந்தப் பெயர் பொய்த்ததில்லை. சேலம் உருக்காலை 1981இல் ஓடத் தொடங்குவதற்கு முன்பிருந்தே தமிழ் வீடுகளில் எவர்சில்வர் தம்ளர் உண்டு. அது தினமும் துலக்கப்பட்டு, கவிழ்த்துவைக்கப்பட்டு, காய்ந்துவிடுகிறது. மாடியில் இருக்கும் எல்போவை யார் துலக்குகிறார்கள்?

துலக்காததோடு போகட்டும், அதற்கு நேரும் கொடுமைகளும் அதிகம். பக்கத்தில் கிரில் வேலை நடக்கும். கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புப் பொறிகள் வந்து ஒட்டும். பைப் ரெஞ்சின் பற்கள் கடித்த இடத்தில் இரும்புத் துணுக்கு தங்கும். அழுக்கென்று யாராவது இரும்புக் கம்பி நார் போட்டுத் தேய்ப்பார்கள். இந்த அந்நிய இரும்பெல்லாம் முதல் மழையிலேயே துருப்பிடித்து வழியும். எவர்சில்வரோடு ஒரு ஜி.ஐ. நிப்பிளைக் கோத்திருந்தால், நிப்பிளின் துருவும் இதன் மேல்தான் இறங்கும்.

இரண்டாவது எதிரி குளோரைடு, அதாவது உப்பின் பாதி. புது ஃபிளாட்டைக் கைமாற்றும் முன்பு, டைல்ஸில் படிந்த சிமென்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது வழக்கம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அதன் ஆவியே பக்கத்திலுள்ள ஃபிட்டிங்கின் தோலை உரித்துவிடும். தொட்டி கழுவப் போடும் பிளீச்சிங் பவுடரும் அளவு மீறினால் அதே வேலையைச் செய்யும்.

போர் தண்ணீரிலேயே கரைந்திருக்கும் குளோரைடின் கணக்கு வேறு. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை குளோரைடை ஏற்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1,000 வரை விட்டுக்கொடுக்கிறது. 304 ரக எவர்சில்வருக்குத் தொழில்துறை சொல்லும் எல்லையோ சுமார் 200தான். மனிதர் குடிக்கலாம் என்று விடப்பட்ட தண்ணீர் எல்போவுக்கு ஆகாமல் போகலாம்! இரண்டு மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 ரகம் 1,000 வரை தாங்கும். கீசர் இணைப்பில் சூடும் சேர்வதால், அங்கே அரிப்பு இன்னும் வேகம்.

ரகத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒட்டாவிட்டால் நல்ல சரக்கு என்று நம்பி, கடையில் காந்தம் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய மலிவான 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. நல்ல 304ஐக் குளிர்நிலையில் வளைத்தாலோ அடித்தாலோ லேசாக ஒட்டும். காந்தத்தை நம்புவதைவிட ஃபிட்டிங்கின் உடம்பைத் திருப்பிப் பார்க்கலாம். வார்ப்பிலேயே ‘சி.எஃப்.8’ என்று பொறித்திருந்தால் 304க்கு இணை, ‘சி.எஃப்.8.எம்’ என்றால் 316க்கு இணை.

இனி, வந்த துருவை எடுக்கும் வேலை. பித்தளைக் குத்துவிளக்குக்குப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்த பழக்கத்தில் இங்கேயும் உப்பை எடுத்துவிடக் கூடாது. வேண்டியது மளிகைக் கடை எலுமிச்சை உப்பு. பெயர்தான் உப்பு, பொருள் சிட்ரிக் அமிலம். அமெரிக்கத் தரவிதியான ஏ.எஸ்.டி.எம். ஏ967, எவர்சில்வரில் ஒட்டிய இரும்பை நீக்க 4 முதல் 10 சதவீதக் கரைசலில், 21 முதல் 49 டிகிரி சூட்டில், குறைந்தது 20 நிமிடம் ஊறவைக்கச் சொல்கிறது. வீட்டுக் கணக்கில், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம்.

முதலில் சோப்புத் தண்ணீரில் எண்ணெய்ப் பிசுக்கையும், பழைய டூத் பிரஷ்ஷால் மேல் துருவையும் போக்க வேண்டும். கழற்ற முடிந்த ஃபிட்டிங்கைக் கரைசலில் மூழ்கவைக்கலாம். ரப்பர் வாஷரையும் பித்தளை பாகங்களையும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. கழற்ற முடியாததற்கு, நனைத்த துணியைச் சுற்றி மேலே பிளாஸ்டிக் உறை கட்டினால் ஈரம் காயாது. கையுறை அவசியம். பிளீச்சிங் பவுடர் இருக்கும் பக்கமே இந்தக் கரைசலைக் கொண்டுபோகக் கூடாது; இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி, துடைத்துக் காயவைத்தால் தோலைக் காற்றே வளர்த்துவிடும்.

துடைத்த இடத்தில் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தால், அது வெளியூர்த் துரு அல்ல, குழி அரிப்பு. மேலே சிறு துளை, உள்ளே பெரிய பள்ளம். எந்தக் கரைசலும் அதை நிரப்பாது; ஃபிட்டிங்கை மாற்றத்தான் வேண்டும். குளோரைடு உள்ளே வேலை செய்வது வெளியே அவ்வளவாகத் தெரியாது. 1985 மே 9 அன்று சுவிட்சர்லாந்தின் ஊஸ்டர் நகரில், நீச்சல்குளத்தின் கான்கிரீட் உட்கூரை இடிந்து 12 பேர் இறந்தார்கள். அதைத் தாங்கியிருந்தவை எவர்சில்வர் கம்பிகள். குளத்துக் காற்றிலிருந்த குளோரைடு அவற்றைப் பல ஆண்டுகளாக விரிசல்விட வைத்திருந்தது.

மாடி எல்போவால் கூரை இடியாது, கசிவுதான் வரும். அந்தக் கசிவு முதலில் தென்படுவது மரையில், டெஃப்லான் டேப்புக்குப் பின்னால், ஆக்சிஜன் எட்டாத இடுக்கில். அந்த இடுக்குக்குள் அடுத்த வாரம் நுழைவோம்.

(தொடரும்)