சொந்தக் கதை, சொந்தக் கடை

நமக்குத் தெரிந்த அம்மாள் ஒருவர் காதல் நாவல் ஒன்றை எழுதி முடித்திருக்கிறார். மொத்தம் 400 பக்கம். கதாநாயகனும் கதாநாயகியும் 390-வது பக்கத்தில்தான் மனம்விட்டுப் பேசிக்கொள்கிறார்கள். அதுவரை படிப்பவர்கள் பொறுமையைக் கடைப்பிடிக்க வேண்டியதுதான்! "பிரசுராலயங்களின் வாசலில் காத்திருக்க எனக்கு இஷ்டமில்லை, நானே வெளியிடப் போகிறேன். ஆனால், யார் வாங்குவார்கள்?" என்று அவர் நம்மைக் கேட்டார். நாம் அவருக்கு ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாளின் கதையைச் சொன்னோம்.

கோதைநாயகி அம்மாள் 1901-ல் பிறந்தவர். ஐந்தரை வயதிலேயே கல்யாணமாகித் திருவல்லிக்கேணிக்கு வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடத்துப் படிப்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கதை சொல்வதிலோ மகா சமர்த்தர். அக்கம்பக்கத்துக் குழந்தைகள் அவரைச் சூழ்ந்துகொண்டு கேட்பார்களாம். ஆனால், சரளமாக எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. அதற்காக அவர் கதையை மனத்திலேயே பூட்டி வைத்துவிடவில்லை. 'இந்திர மோகனா' என்ற நாடகத்தை அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் ஏட்டில் எழுதினார். 1924-ல் அது புத்தகமாக வெளிவந்தது.

இதற்கு அடுத்து அவர் செய்த காரியத்தைத்தான் நம் நண்பர் கவனிக்க வேண்டும் என்று நினைத்தோம். இன்னொரு புத்தகம் அச்சிட்டு வீட்டில் அடுக்கி வைத்துக்கொண்டு அவர் வாசலைப் பார்த்திருக்கவில்லை. நின்றுபோயிருந்த 'ஜகன்மோகினி' என்னும் பத்திரிகையை 1925-ல் விலைக்கு வாங்கினார். அப்படிச் செய்யும்படி யோசனை சொன்னவர், துப்பறியும் நாவல்களால் பெயர் பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்கார். 'வைதேகி' என்ற நாவல் அதில் தொடர்கதையாக வந்தது.

இதிலுள்ள வியாபார சூட்சுமத்தைப் பாருங்கள். தனிப் புத்தகத்துக்குக் காகிதக்காரருக்கும் அச்சுக்கூடத்துக்கும் பணத்தை முன்னதாகக் கொடுத்துவிட்டு, விற்ற பிறகு எடுக்க வேண்டும். விற்காவிட்டால் செல்லரிக்கும். பத்திரிகைக்கோ சந்தாதாரர் முன்பணம் கட்டுகிறார். கதாநாயகியைக் கிணற்றடியில் மயங்கி விழவைத்து 'தொடரும்' என்று போட்டுவிட்டால், அடுத்த இதழுக்கு விளம்பரமே வேண்டியதில்லை. தபால்காரரை வழியிலேயே மடக்கிக் கேட்பார்கள்! கதை முடியும் சமயத்தில் அதைப் புத்தகமாக வாங்குவதற்கு ஒரு கூட்டமும் தயாராகிவிடும்.

ஏறக்குறைய 35 வருஷம் அந்தப் பத்திரிகையை அவர் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். அவருடைய கணவர் ஸ்ரீ பார்த்தசாரதி பத்திரிகைக் காரியங்களில் உறுதுணையாக இருந்தார். மனைவி எழுதியதைப் படித்துப் பார்க்கும் புருஷர்களே அபூர்வமான நாட்டில் இதைச் சொல்லாமல் விடுவது தர்மமல்ல. பெண்பிள்ளை கதை எழுதுவதாவது, பத்திரிகை நடத்துவதாவது என்று ஏசியவர்களும் இல்லாமற் போகவில்லை.

கடை சொந்தமானதால், சரக்கும் அவர் இஷ்டப்படியே இருந்தது. காதலும் குடும்பக் கலகமும் நிறைந்த கதைகளுக்கு நடுவே தேச சேவையையும் விதவைகளின் துயரத்தையும் புகுத்தினார். கதர் உடுத்தி மேடையேறிப் பேசினார், பாடினார். மறியல் செய்து 1930-களின் தொடக்கத்தில் சிறை சென்றார். உள்ளேயும் பேனா ஓயவில்லை; 'உத்தமசீலன்' அங்கே எழுதிய நாவல். வேறொருவர் பத்திரிகையில் சம்பளத்துக்கு எழுதியிருந்தால், சர்க்காருக்கு அஞ்சிய முதலாளி அவர் பெயரையே எடுத்திருக்கக்கூடும்.

அவர் கதைகளில் இலக்கியத் தரம் போதாது என்று விமரிசகர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். அவசரத்தில் எழுதியவை பல என்பதை நாமும் மறுக்கவில்லை. மாதம் தவறாமல் பக்கம் நிரப்ப வேண்டியவருக்கு, அடித்துத் திருத்தி எழுத ஏது அவகாசம்? 1960-ல் அவர் காலமானார். ஒரே மனிதரின் தோளில் நின்ற பத்திரிகையும் அதற்கு மேல் நீடிக்கவில்லை. ஆயினும் அவருடைய 'தயாநிதி' 1966-ல் 'சித்தி' என்ற படமாகி வந்து, அவர் பெயரை அறியாதவர்களையும் அழவைத்தது.

இப்போது அச்சுக்கூடமும் வேண்டாம், தபால்தலையும் வேண்டாம். அமெஸான் கம்பெனியின் கிண்டிலில் தமிழ் நாவலை வீட்டிலிருந்தபடியே ஏற்றி விடலாம். விற்கும் விலையில் நூற்றுக்கு 35 அல்லது 70 பங்கு, விதிகளுக்கேற்ப, ஆசிரியருக்கு வரும். மாதச் சந்தா கட்டி இரவல் வாங்கிப் படிப்பவர்கள் விஷயத்தில் கணக்கே வேறு. 2015 முதல் அங்கே, எத்தனை பக்கம் படிக்கப்பட்டதோ அத்தனை பக்கத்துக்குத்தான் பணம். பாதியில் மூடினால் பாதிக் கூலி!

இதைக் கேட்டதும் நம் நண்பரின் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, அவன் ஏன் பேசாமல் இருக்கிறான் என்பதை ஐந்தாம் பக்கத்திலேயே சொல்லித் தொலைத்துவிட்டேனே!" என்றார்.

கைப்பிரதியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நவராத்திரிக்குள் திருத்திக் கொண்டுவருவதாக வாக்களித்திருக்கிறார்.