“என்னை முடியாதவன்னு எழுதிக் கொடுக்கணுமா?”

என் பாட்டிக்கு 72 வயது. சென்ற ஆண்டு பக்கவாதம் வந்ததிலிருந்து அவரின் வலக்கையும் வலக்காலும் ஒத்துழைப்பதில்லை. அப்பாவுக்கு இரவு வேலை. அம்மா பாட்டியைக் கவனிக்க வேலை நேரத்தைக் குறைத்துக்கொண்டார். எனவே, எல்டர்ஷீல்டு விண்ணப்பம் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் என் கைக்கு வந்தது.

2002ல் தொடங்கிய அத்திட்டத்தில் பாட்டி அப்போதே சேர்க்கப்பட்டிருந்தார். துப்புரவு வேலை பார்த்த காலத்தில் சந்தா மெடிசேவ் கணக்கிலிருந்து கழிந்துகொண்டே இருந்ததால், இப்படியொரு காப்புறுதி இருப்பதே அவருக்கு நினைவில்லை. சிங்பாஸ் வழி பார்த்தபோதுதான் தெரிந்தது: மாதம் 300 வெள்ளி, அதிகபட்சம் 60 மாதங்களுக்கு.

பணம் கிடைக்க, கடுமையான உடற்குறை இருப்பதைச் சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர் உறுதிப்படுத்த வேண்டும். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிப்பறைக்குச் செல்வது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் குறைந்தது மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய இயலாத நிலை அது.

படிவம் சுலபம். பாட்டிதான் சுலபமில்லை.

“ஏன்யா, என்னை ஒண்ணும் முடியாதவன்னு எழுதிக் கொடுக்கணுமா?” என்றார். மருத்துவர் வீட்டுக்கு வந்த நாளில் நல்ல சேலையைக் கட்டிவிடச் சொல்லி, பவுடர் பூசி உட்கார்ந்திருந்தார். குளியலைப் பற்றிக் கேட்டதும், “நானே குளிப்பேன் டாக்டர்.” அம்மா தரையைப் பார்த்தார்.

“பாட்டி, இன்னைக்குக் காலையில யாரு தண்ணி ஊத்துனா?” என்றேன். பதில் இல்லை. அம்மாவும் நானும் ஒரு வாரமாக யார், எதற்கு, எத்தனை முறை உதவினோம் என்று எழுதி வைத்திருந்த தாளை நீட்டினேன். மருத்துவர் அதைப் படித்துவிட்டு, பாட்டியைக் கட்டிலிலிருந்து எழுந்து காட்டச் சொன்னார். முடியவில்லை. பாட்டி அன்று மாலை வரை என்னிடம் பேசவில்லை.

முன்னூறு வெள்ளி பெரிய தொகையா? அணையாடைக்கும் மருத்துவமனை டாக்சிக்கும் ஈடுகொடுக்கிறது, அவ்வளவே. ஒரே மதிப்பீட்டை வைத்து மெடிசேவ் கேர் திட்டத்திற்கும் விண்ணப்பிக்கலாம். கணக்கில் போதிய சேமிப்பு இருந்தால் மாதம் 200 வெள்ளி வரை எடுக்கலாம். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் இணையத்தளத்தில் இரண்டையும் ஒன்றாக முடித்தேன்.

இப்போது அம்மாவின் கணக்கைப் பார்க்கிறேன். 1975ல் பிறந்த அவர் கேர்ஷீல்டு லைஃப்புக்கு மாற்றப்பட்டிருக்கிறார். 2020 அக்டோபரில் தொடங்கிய அத்திட்டத்தில் 60 மாதக் கணக்கெல்லாம் கிடையாது. கடுமையான உடற்குறை நீடிக்கும்வரை, வாழ்நாள் முழுதும் பணம் வரும். நம் வயதினரும் 30 வயதில் தாமாகவே அதில் சேர்க்கப்படுவோம்.