தேங்காய், திரை, ஜல்லி

2025 ஜூன் வாக்கில் எங்கள் ஊர் கூமாப்பட்டியின் பெயர் கைப்பேசிகளில் சுற்றாத நாளில்லை. ஓர் இளைஞர் போட்ட ரீல்ஸைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். தோப்பைப் பார்த்தார்கள், தண்ணீரைத் தேடினார்கள், மலை பின்னால் தெரிய நின்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள். பஸ் ஸ்டாப்பில் நின்று அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது, எட்டாம் வகுப்பில் எங்களுக்குப் பூகோளம் எடுத்த சார் கேட்ட கேள்விதான் எனக்கு ஞாபகம் வந்தது.

"பிளவக்கல், பிளவக்கல்னு சொல்றீங்களே, பேர்லயே கல்லு இருக்கே. அந்தக் கல்லை எவனாவது பார்த்திருக்கீங்களாடா?"

அது 1984. பிளவக்கலில் இருக்கிற 47 அடி உயரப் பெரியாறு அணையையும் பக்கத்தில் இருக்கிற கோவிலாறு அணையையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்த்து வந்தவர்கள் நாங்கள். கல்லைப் பார்த்ததாகச் சொல்ல ஒருவர்கூட இல்லை.

அன்றைக்கு எங்கள் வகுப்பில் பூகோளத்துக்கென்று இருந்தவை இரண்டே பொருள்கள். துணியில் ஒட்டிய இந்திய தேசப்படம் ஒன்று. சுருட்டிச் சுருட்டி வைத்ததில் நடுவே கிழிந்து, விந்திய மலை இருந்த இடத்தில் சுவர் தெரியும். இன்னொன்று பூமி உருண்டை. அது தலைமையாசிரியர் அறை அலமாரியில் பூட்டிக் கிடந்தது, ஆய்வாளர் வருகிற நாளில் மட்டும் மேசைக்கு வரும். பாடப்புத்தகத்தில் எரிமலைகூடக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம்தான். தொடக்கப் பள்ளிகளுக்கு வரைபடமும் உருண்டையும் அறிவியல் பெட்டியும் தரச் சொன்ன கரும்பலகைத் திட்டம் 1987இல்தான் வந்தது. அதற்குள் நாங்கள் உயர்நிலைப் பள்ளியையே முடித்துவிட்டோம்.

சார் ஒரு நாள் தேங்காய் கொண்டுவந்தார். எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? மேசையில் தட்டி உடைத்து, ஓட்டைக் காட்டி மேலோடு என்றார், பருப்பைக் காட்டிக் கவசம் என்றார். பின்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான்.

"அப்ப நடுவுல தண்ணியா சார்?"

"தண்ணி மாதிரிதாண்டா. இரும்புத் தண்ணி. உருகி ஓடுற இரும்பு. அதுக்கும் உள்ள நடு மையத்துல கெட்டி இரும்பு."

நாற்பது வருஷம் கழித்தும் புறக்கரு என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு அந்த இரும்புத் தண்ணிதான் கண்ணில் தளும்புகிறது. பள்ளி முற்றத்தில் அவர் வைத்த மழைமானியும் அப்படித்தான். வாயும் அடியும் ஒரே அகலமாக இருந்த பால்பவுடர் டின், ஒரு மர ஸ்கேல், அவ்வளவே. ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சென்ட் நிலத்தில் 40 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட வைத்தார். மறுநாள் செய்தித்தாளில் மாவட்ட மழை அளவுப் பட்டியலில் பிளவக்கல் என்ற பெயரைத் தேடி, எங்கள் டின்னோடு ஒப்பிடுவோம். அரசாங்கத்தின் எண்ணும் எங்கள் எண்ணும் கிட்டத்தில் வந்துவிட்டால் வகுப்பே கைதட்டும்.

அப்புறம் அந்த ஓடை நடை. மலையடிவாரத்து ஓடையில் எங்களை இறக்கிவிட்டு, ஆளுக்கொரு கல் எடுக்கச் சொன்னார். வெங்கச்சங்கல், காக்காப்பொன், சுக்காங்கல் என்று எங்கள் வீட்டுச் சொற்களையே நாங்கள் சொல்ல, அவர் குவார்ட்ஸ், மைக்கா என்று பக்கத்தில் பாடத்தின் சொல்லை வைத்துக் கொடுத்தார். மலையில் முனையோடு இருக்கிற கல், கீழே வரவர உருண்டை ஆவதையும், கண்மாய்க்குள் போகும்போது வண்டலாக முடிவதையும் காலால் நடந்து படித்தோம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த நடைக்குப் பையன்களை மட்டுமே கூட்டிப்போனார்கள். பெண் பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். என் அக்காவும் அதே பள்ளிதான். நான் கொண்டுபோன கூழாங்கல்லை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஓடை எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாள். அந்தக் காலத்துப் பள்ளியைப் பொற்காலம் என்று யாராவது பேச ஆரம்பித்தால் எனக்கு அந்தக் கேள்வி வந்துவிடும்.

இன்றைக்கு அதே வட்டாரத்து அரசுப் பள்ளிகளுக்குப் போனால் மனசு நிறைகிறது. 2018 முதல் வந்த புத்தகங்கள் வண்ணத்தில் இருக்கின்றன. கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் எரிமலை வெடிக்கிறது, தட்டுகள் நகர்கின்றன. ஸ்மார்ட் போர்டு இருக்கிறது, ஹைடெக் லேப் இருக்கிறது. 2019இல் கல்வித் தொலைக்காட்சி வந்தது. 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டு வரை படிக்கிற பிள்ளைகளுக்குச் சோதனைப் பொருள்களைப் பள்ளிக்கே கொண்டுவருகிறது. தேங்காயின் பிழையையும் திரைதான் திருத்தியது. பூமியைத் தேங்காய் அளவுக்குச் சுருக்கினால் மேலோடு அரை மில்லிமீட்டர்கூட வராது. கொட்டாங்கச்சி அதைவிடப் பல மடங்கு தடிமன். எங்கள் சாருக்கு அதைக் காட்ட வழியில்லை.

இன்னொன்றையும் அவரால் காட்ட முடிந்ததில்லை. ஒரு டீச்சர் பூமியின் செயற்கைக்கோள் படத்தை போர்டில் திறந்து, கூமாப்பட்டியைத் தேடி, படத்தைச் சாய்த்துக் காட்டியதைப் பார்த்தேன். மலை எழுந்து நின்றது. முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை அர்ச்சுனா நதியாகி வைப்பாற்றுக்குப் போகிறது, அந்தப் பக்கம் வருசநாட்டில் விழுவது வைகைக்குப் போகிறது. நீர்ப்பிரிமேடு என்ற சொல்லை நாங்கள் ஒரு வாரம் உருப்போட்டோம். இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது, முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்துபோய் விரலாலேயே முகட்டைக் கோடிழுத்தாள்.

ஆனால் ஓடைக்கு யாரும் போவதில்லை. காரணம் புரியாமல் இல்லை. 1988இல் இந்த மலை சாம்பல் நிற அணில் சரணாலயமானது, 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகமானது. 2015 மே மாதம் சதுரகிரி ஓடையில் திடீரென வந்த வெள்ளம் பக்தர்களை அடித்துக்கொண்டு போனதை இங்கே யாரும் மறக்கவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைப்பக்கம் போக எந்த ஆசிரியருக்குத்தான் துணிவு வரும்? கையெழுத்துகளும் அனுமதிகளும் சேர்வதற்குள் பருவம் முடிந்துவிடும்.

என் ஆதங்கம் ஓடையைப் பற்றியதுகூட இல்லை, கல்லைப் பற்றியது. பாறைப் பாடத்தில் தீப்பாறைக்கும் படிவுப் பாறைக்கும் உருமாறிய பாறைக்கும் படங்கள் இருக்கின்றன, எல்லாம் எங்கேயோ இருக்கிற கல். நம் பக்கத்து இராஜபாளையத்துப் பாறையோ உலகப் புவியியல் ஆய்விதழ்களில் ஊர்ப் பெயரோடு வருகிற பாறை. அதில் சஃபிரின் என்ற நீலச்சாயல் கனிமமும் குவார்ட்ஸும் ஒன்றையொன்று தொட்டபடி கிடைத்திருக்கின்றன. இரண்டும் அப்படி ஒட்டி இருக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய 1,000 டிகிரி சூட்டில் வெந்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பல பத்து கிலோமீட்டர் ஆழத்தில், சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கோண்ட்வானா என்ற பெருங்கண்டம் ஒட்டிச் சேர்ந்த காலத்தில் நடந்த சமையல் அது. மடகாஸ்கர் அப்போது நம் பக்கத்து வீடு. ஜப்பானிலிருந்து வந்து இந்தக் கல்லை எடுத்துப்போய் ஆராய்ந்திருக்கிறார்கள். மலைக்குக் கீழே குடியிருக்கிற பிள்ளைக்கு இதில் ஒரு வரி போய்ச் சேரவில்லை. 1984இல் எங்களுக்கும் சேரவில்லை. அப்போது அந்த ஆய்வே வந்திருக்கவில்லை. இப்போது வந்துவிட்டது, காட்டத் திரையும் இருக்கிறது, சேர்த்துவைக்கத்தான் ஆளில்லை.

நம் சார்னோகைட்டுக்கும் அப்படி ஒரு கதை உண்டு. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்குப் போட்ட கல், சென்னைப் பல்லாவரம் பக்கத்துக் கல். அதைப் பார்த்துத்தான் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்தப் பாறைவகைக்குச் சார்னோகைட் என்று பேர் வைத்தார். தமிழ்நாட்டில் கட்டடம் கட்டும் இடங்களில் கருங்கல் ஜல்லி என்று லாரியில் வந்து இறங்குவதில் இந்தக் கல் நிறையவே உண்டு.

போன மாசம் ஒரு பள்ளியில் புது வகுப்பறைக்கு முக்கால் இன்ச் ஜல்லி குவித்திருந்தார்கள். என்னைப் பேச அழைத்த டீச்சரிடம், "அம்மா, பத்து நிமிஷம் பிள்ளைகளை இந்தக் குவியல்கிட்ட விடுங்க" என்று கேட்டுக்கொண்டேன். ஓடைக்கல் உருண்டு மழுங்கிப்போயிருக்கும். ஜல்லியில் எல்லா முகமும் புதிதாக உடைந்த முகம், கனிமம் பார்க்க இதைவிடத் தோதான கல் கிடைக்காது. எண்ணெய் தடவினாற்போல் பசுங்கறுப்பாக மினுங்கியதைத் தனியாக வைத்தார்கள், வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடியதை வேறு குவியலாக்கினார்கள். ஏழாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒருத்தி ஒரு துண்டைக் கொண்டுவந்தாள்.

"ஐயா, இதுல குங்குமம் ஒட்டியிருக்கு. தேச்சாலும் போகலை."

டீச்சரின் கைப்பேசியை வாங்கி, கேமரா கண்ணாடிமேல் விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்தேன். சொட்டு சிந்தாமலிருக்கக் கைப்பேசியை மல்லாத்திப் பிடித்து, கல்லை அதற்கு மேலே கிட்டத்தில் கொண்டுவந்தோம். சொட்டே லென்ஸாகிவிட, குங்குமப் பொட்டு திரை முழுக்க விரிந்தது: உள்ளே வெளிச்சம் ஊடுருவும் செந்நிறக் கண்ணாடிபோல, விளிம்பு விளிம்பாக ஒரு கார்னெட். அவள் பின்னால் இருந்தவர்கள் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் அவள் கேட்டாள்:

"இந்தக் கல்லு எந்த மலையிலேர்ந்து வந்துச்சுன்னு லாரிக்காரர்கிட்ட கேட்டா சொல்வாரா ஐயா?"