வாங்கும் உரிமை சட்டத்தில் உண்டு. விற்கும் வாய்ப்பு எங்கே? – தலித் சிறுதொழிலும் சமூக ஊடகமும்

2023 செப்டம்பரில் தூத்துக்குடி மாவட்டம் எட்டயபுரம் அருகேயுள்ள உசிலம்பட்டியின் தொடக்கப்பள்ளி செய்திகளில் இடம்பெற்றது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் அங்கே சமைத்தவர் ஒரு தலித் பெண். பிள்ளைகள் பலர் அந்த உணவை உண்ணவில்லை. சமைத்தவரின் சாதியே காரணம் என்ற புகார் எழுந்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி, அமைச்சர் கீதா ஜீவன், மாவட்ட ஆட்சியர் ஆகியோர் நேரில் சென்று பிள்ளைகளோடு அமர்ந்து அந்த உணவை உண்டனர்.

அது அரசின் திட்டம், உணவும் விலையில்லாதது. அதற்கே ஓர் அமைச்சரும் ஆட்சியரும் வர வேண்டியிருந்தது. அப்படியொரு ஊரில் ஒரு தலித் பெண் தன் சொந்தப் பணத்தில் இட்லிக் கடை திறந்தால் என்ன ஆகும்? நாள்தோறும் வந்து உண்டு காட்ட எந்த ஆட்சியராலும் இயலாது.

சமூக ஊடகத்தால் சிறுதொழிலுக்கு என்ன நன்மை என்று கேட்டால், விளம்பரச் செலவு குறையும், வாடிக்கையாளர் பெருகுவர் என்று வணிகப் பக்கங்கள் விடை தருகின்றன. அவ்விடை தவறன்று. ஆயினும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: யார் கையிலிருந்து வாங்க யார் சம்மதிக்கிறார்கள்? சமூக ஊடகத்தின் பயனை இந்தக் கேள்வியிலிருந்தே அளவிட வேண்டும்.

சட்டம் வாங்குபவரைக் காக்கிறது

அரசமைப்புச் சட்டத்தின் 15(2) உறுப்பு, சாதியின் பெயரால் எவரையும் கடைகளிலிருந்து விலக்கக் கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசமைப்பு அவையில் இவ்வுறுப்பு விவாதிக்கப்பட்டபோது, ‘கடை’ என்ற சொல்லின் பொருள் என்ன என்ற கேள்வி எழுந்தது. கடைக்குள் நுழைவதை மட்டும் அச்சொல் குறிக்கவில்லை, கட்டணத்துக்கு அளிக்கப்படும் சேவைகளையும் அது உள்ளடக்கும் என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். முடி திருத்துவதும் துணி வெளுப்பதும் மறுக்கப்பட்ட மக்களுக்கு அந்த விளக்கம் இன்றியமையாததாக இருந்தது.

இச்சட்டப் பாதுகாப்பு வெறும் எழுத்தாக நின்றுவிடவில்லை. 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் பாஞ்சாகுளத்தில் தலித் சிறுவர்களுக்குத் தின்பண்டம் தர முடியாது என்று கடைக்காரர் ஒருவர் கூறும் காணொளி சமூக ஊடகத்தில் பரவியது. வழக்குப் பதிவாகிக் கைது நடவடிக்கை தொடர்ந்தது. கடைக்கும் முத்திரை வைக்கப்பட்டது.

ஆனால் அங்கே தலித் சிறுவர்கள் வாங்குபவர்கள். தலித் ஒருவர் விற்பவராக இருக்கும்போது நிலைமை மாறுகிறது. தொழில் செய்யவிடாமல் தடுப்பதும், பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதும், விதிப்போம் என மிரட்டுவதும் 2016 முதல் நடைமுறையிலுள்ள திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்கள். ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமுண்டு. ஊர்க்கூட்டம் போட்டு ‘அவர் கடையில் எவரும் வாங்கக் கூடாது’ என்று கட்டுப்பாடு விதித்தால் பிரிவு 3(1)(இசட்.சி) பாயும். யாரும் எதுவும் சொல்லாமல், ஒவ்வொருவராக அந்தக் கடையைக் கடந்து அடுத்த கடைக்குப் போனால் எதை நிரூபிப்பது? இந்த மௌனப் புறக்கணிப்புக்குச் சாட்சி கிடையாது. கட்டாயப்படுத்தி வாங்க வைக்கும் சட்டமும் கிடையாது.

படித்து முன்னேறினால் இந்தத் தடை விலகும் என்றும் சொல்லிவிட முடியாது. கொலம்பியாவிலும் லண்டனிலும் பொருளியல் பயின்று திரும்பிய அம்பேத்கர், 1918இல் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராவதற்கு முன் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் ஒன்றை நடத்திப் பார்த்தார். அவர் தீண்டப்படாதவர் எனத் தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினர், நிறுவனம் மூடப்பட்டது. சரக்கிலோ திறமையிலோ குறை இருக்கவில்லை. விற்பவர் யார் என்பது தெரிந்ததுதான் காரணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. 2015-16இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரி ஆய்வின் 73ஆவது சுற்றின்படி சிறு, குறு, நடுத்தரத் தொழில்களில் அவர்களுக்கு உரியவை 12.45 விழுக்காடு. மூலதனமின்மை இந்த இடைவெளிக்கு ஒரு காரணம்; வாங்க வராத கால்கள் இன்னொரு காரணம்.

இடத்திலிருந்து விடுபடும் கடை

கிராமத்தில் ஒரு கடை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதே அதன் உரிமையாளரின் சாதியைச் சொல்லிவிடுகிறது. ஊர்த்தெருவில் தலித்துக்கு வாடகைக்கு இடம் கிடைப்பது அரிது. தன் குடியிருப்பிலேயே கடை வைத்தால் அங்குள்ளவர்கள் மட்டுமே வாங்குவர், அவர்களும் தினக்கூலிகள். தூத்துக்குடியின் உப்பளங்களையே எடுத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் உப்பு உற்பத்தி நின்றுவிடும். அந்த மாதங்களுக்காகத் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. உப்பளத்தில் வேலை நிற்கும்போது அத்தொழிலாளர் தெருவிலுள்ள பெட்டிக்கடையின் வியாபாரமும் நிற்கிறது. கடனேடு மட்டும் வளர்கிறது.

சமூக ஊடகத்தின் முதல் நன்மை இங்கேதான் தொடங்குகிறது. கடை இருக்கும் இடத்தையும் வாங்குபவர் இருக்கும் இடத்தையும் அது பிரித்துவிடுகிறது. கருவாடு, ஊறுகாய், மசாலாப் பொடி, தையல், பனையோலைப் பொருள் என எதுவாயினும், சென்னையிலோ கோவையிலோ இருப்பவர் தன் கைப்பேசியில் பார்த்து வாங்கலாம். ‘தூத்துக்குடி மீனவன்’ என்ற யூடியூப் அலைவரிசை, கடல் தொழிலை மீனவர் ஒருவரே படம்பிடித்துக் காட்டி லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. பெரிய விளம்பர நிறுவனம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. உழைப்பு எப்படி நடக்கிறது என்பதை நேரில் காட்டுவதே மக்களை ஈர்க்கிறது என்பதற்கு இது உள்ளூர்ச் சான்று. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கும் உடன்குடி பனங்கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், இம்மாவட்டத்தின் பெயரே வெளியூர்களில் ஒரு நம்பிக்கையைத் தருகிறது.

இரண்டாவது நன்மை விலை. வெளியூரில் ஒரு பொருள் என்ன விலைக்குப் போகிறது என்பது தெரியாதவரை இடைத்தரகர் சொல்வதே விலை. வாங்குபவரோடு நேரடியாகப் பேசும் பெண் தன் உழைப்பின் விலையைத் தானே சொல்கிறார்.

மூன்றாவது, முதலீடு. வாட்ஸ்அப் பிசினஸ் செயலிக்குக் கட்டணம் இல்லை. பொருள்களின் படத்தையும் விலையையும் அதிலேயே பட்டியலிடலாம். யுபிஐ வழியாக முன்பணம் பெற்றபின் பொருளை அனுப்பலாம் என்பதால் கடனேடு குறைகிறது.

நான்காவது நன்மையைப் பலர் கவனிப்பதில்லை: கணக்கு. ரொக்கமாக நடக்கும் வியாபாரத்துக்குச் சான்று இல்லை. வங்கிக் கணக்கில் வந்துசேரும் பணத்துக்கு உண்டு. ஓராண்டு வரவைக் காட்டும் வங்கி அறிக்கையும் கட்டணமின்றிக் கிடைக்கும் உதயம் பதிவும் கையில் இருந்தால், தாட்கோ கடனுக்கோ, 35 விழுக்காடு முதலீட்டு மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் தரும் அண்ணல் அம்பேத்கர் பிசினஸ் சாம்பியன்ஸ் திட்டத்துக்கோ விண்ணப்பிக்கும்போது வங்கியில் பேச ஓர் அடிப்படை கிடைக்கும்.

திரையிலும் சாதி வரும்

இணையத்தில் சாதி மறைந்துவிடும் என்று நம்புவது பேதைமை. அமெரிக்காவில் இயான் அயர்ஸ், மஹ்சரின் பனாஜி, கிறிஸ்டின் ஜோல்ஸ் ஆகியோர் ஈபே தளத்தில் பேஸ்பால் அட்டைகளை ஏலத்தில் விற்று ஓர் ஆய்வு நடத்தி 2015இல் வெளியிட்டனர். படத்தில் அட்டையைப் பிடித்திருந்த கை கறுப்பாக இருந்தபோது, வெள்ளைக் கை பிடித்திருந்த அட்டைகளைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்த விலையே கிடைத்தது. பெயர் இல்லை, முகம் இல்லை. கையின் நிறம் மட்டுமே வேறுபாடு.

நம் நாட்டில் நிறத்தின் இடத்தை முகவரி பிடித்துக்கொள்கிறது. பொட்டலத்தின் மேல் ‘காலனி’ என்று இருந்தாலே சிலருக்குப் போதும். அச்சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததன் பொருளை, கூரியரில் சரக்கு அனுப்பும் தலித் வணிகர் நன்கு உணர்வார்.

இங்கே இரு வழிகள் உள்ளன. பொருளை மட்டும் முன்னிறுத்தி அடையாளத்தைப் பேசாமல் விடுவது ஒன்று. அடையாளத்தையே வணிகப் பெயராக்குவது மற்றொன்று. எழுத்தாளர் சந்திர பான் பிரசாத் 2016இல் ‘தலித் ஃபுட்ஸ்’ என்ற பெயரிலேயே மசாலா, ஊறுகாய் வகைகளை இணையத்தில் விற்கத் தொடங்கினார். எந்தக் கை பட்டால் உணவு தீட்டு என்று சொல்லப்பட்டதோ, அந்தக் கையின் பெயரையே அவர் உறையின் மேல் அச்சிட்டார். முதல் வழி அச்சத்தின் அடையாளம் என்றோ, இரண்டாவது மட்டுமே போராட்டம் என்றோ தீர்ப்பளிக்க நமக்கு உரிமையில்லை. தெருவில் கடை வைத்தவருக்கு அந்தத் தேர்வே கிடையாது. சமூக ஊடகம் தேர்வை விற்பவரின் கையில் தருகிறது. அதுவே அதன் தனிப் பயன்.

அடையாளத்தை வெளிப்படுத்தினால் வசைப் பின்னூட்டங்கள் வரும். அவற்றை நீக்கிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. பொதுப் பார்வையில் சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(ஆர்), (எஸ்) ஆகியவற்றின் கீழும், பகைமையைத் தூண்டுவது (யு)வின் கீழும் குற்றம். இணையத்தில் பதிவேற்றப்பட்ட காணொளியும் பொதுப் பார்வைக்குள் அடங்கும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 ஜூலையில், ஒரு பழங்குடிப் பெண் பற்றிய யூடியூப் காணொளி வழக்கில் கூறியது. எனவே பதிவின் இணைப்பு, நாள், நேரம், எழுதியவரின் கணக்குப் பெயர் ஆகியவை தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவைக்க வேண்டும். அதை எடுத்த கைப்பேசியைப் பத்திரப்படுத்த வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆவது பிரிவு, மின்னணுச் சான்றோடு உரிய சான்றிதழும் இணைக்கப்பட வேண்டும் என்கிறது. அது இல்லையென்றால் உண்மையான புகாரும் நீதிமன்றத்தில் தடுமாறும்.

கணக்கு நிறுவனத்துடையது, வாடிக்கையாளர் நம்முடையவர்

2018 மே 22 அன்று ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. இணையத்தை மட்டுமே நம்பும் தொழிலுக்கு அது எத்தகைய அடி என்பதை விளக்கத் தேவையில்லை. பின்னர் 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தின் வழியே தொழில் செய்யும் உரிமைக்கும் 19(1)(ஜி) உறுப்பின் பாதுகாப்பு உண்டு என்றும், காலவரையின்றி இணையத்தை நிறுத்துவது சட்டத்துக்கு ஏற்புடையதன்று என்றும் கூறியது.

இத்தீர்ப்பு நம் கையிலுள்ள கருவி. ஆயினும் முன்னெச்சரிக்கையும் வேண்டும். வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டில் எழுதிவைக்க வேண்டும். ஒரே தளத்தை நம்பியிருக்கக் கூடாது. பெண்கள் தொழிலுக்கெனத் தனி எண் வைத்துக்கொள்வது தொல்லைகளைக் குறைக்கும். உணவுப் பொருளாயின், வீட்டிலிருந்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு கட்டாயம். வரிக்குரிய பொருளைப் பிற மாநிலத்துக்கு அனுப்பினால், வியாபாரம் சிறிதாயினும் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படும். இப்பதிவுகள் இல்லாத தொழிலை முடக்க ஒரு மொட்டைப் புகார் போதும்.

இதில் என்ன இருக்கிறது?

வன்கொடுமை வழக்குகள் பல எங்கே சரிகின்றன? புகார் கொடுத்தவர் வயலில் கூலி வேலை தருபவரையும், மளிகை தருபவரையும், வாடகைக்கு வீடு தந்தவரையும் எதிர்த்து அதே ஊரில் வாழ வேண்டியிருக்கிறது. வழக்கு நடக்கும் ஆண்டுகளில் அடுப்பு எரிய வேண்டும். அதனால் சாட்சிகள் பிறழ்கின்றனர், சமரசங்கள் நடக்கின்றன. வருமானத்தின் ஒரு பகுதியாவது ஊருக்கு வெளியேயிருந்து வருமானால், புறக்கணிப்பு என்ற மிரட்டலின் கூர்மை மழுங்குகிறது. வெளியூரிலிருந்து வாரந்தோறும் இருபது பேர் வாங்கினால், ஒரு குடும்பம் தன் புகாரில் உறுதியாக நிற்க அது துணையாகும்.

சென்னையில் ஒருவர் வாங்கும் ஊறுகாயால் உசிலம்பட்டியின் சாதி ஒழிந்துவிடாது. தெருவில் கடை வைக்கும் உரிமைக்கான போராட்டம் அப்படியே இருக்கிறது. சமூக ஊடகம் அதற்கு மாற்றாகாது. அந்தப் போராட்டத்தை நடத்துபவர்களுக்கு அது பொருளாதாரப் பின்புலத்தைத் தரும்.

கல்லூரி மாணவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் இதில் வேலை உண்டு. கைப்பேசியில் நல்ல படம் எடுக்கவும், விலைப்பட்டியல் தயாரிக்கவும், உதயம் பதிவும் உணவுப் பாதுகாப்புப் பதிவும் விண்ணப்பிக்கவும் ஒரு சனிக்கிழமை போதும். உங்கள் ஊரில் தலித் பெண்கள் நடத்தும் தொழில் ஒன்றைத் தேடிச் சென்று இவற்றைச் செய்துகொடுங்கள். அப்படியே அவர்களிடம் ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குங்கள்.