உங்களுக்குத் தெரியுமா? நுரையீரலை விட்டு வெளியேறும் காற்று

கொரோனா முற்றிய சிலருக்குக் கழுத்து திடீரென்று வீங்கிவிடும். அந்த இடத்தைத் தொட்டால் தோலுக்கடியில் நறநறவென்று இருக்கும். உள்ளே இருப்பது நீரல்ல, காற்று!

வைரஸ் நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளைப் புண்ணாக்கிவிடுகிறது. விடாத இருமலில் உள்ளழுத்தம் ஏறும்போது, நலிந்த அறைகள் சில வெடிக்கின்றன. கசிந்த காற்று இரத்தக்குழாய்களை ஒட்டியே ஊர்ந்து, இரு நுரையீரல்களுக்கும் இடையே இதயம் இருக்கும் நடுநெஞ்சுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து கழுத்துக்கு ஏறுகிறது. இந்தப் பாதையை 1939-இல் விளக்கியவர் கனடாவின் உடற்கூறு அறிஞர் சார்லஸ் மேக்லின். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் லூயி ஹேமன், இப்படி நடுநெஞ்சில் காற்று தேங்கியவர்களுக்கு இதயம் துடிக்கும்போதெல்லாம் ஸ்டெதஸ்கோப்பில் கேட்கும் நொறுங்கல் ஒலியைப் பதிவு செய்தார். கொரோனாவில் மட்டுமல்ல, பன்றிக்காய்ச்சல் கண்ட குழந்தைகளிடமும் இத்தகைய கசிவு காணப்பட்டது.

செயற்கை சுவாசக் கருவியின் அழுத்தத்தால் இக்கசிவு நேர்வதுண்டு. ஆனால் கொரோனாவில் அக்கருவியே வைக்கப்படாதவர்களுக்கும் வந்ததுதான் மருத்துவர்களை யோசிக்க வைத்தது.

நடுநெஞ்சில் தேங்கிய காற்று பெரும்பாலும் ஓய்விலும் ஆக்சிஜனிலும் தானாகக் கரைந்துவிடும். நுரையீரலைச் சுற்றிய உறைக்குள் காற்று புகுந்தால் நிலைமை வேறு: நுரையீரல் சுருங்கும், விலாவிடுக்கில் குழாய் செருகிக் காற்றை வெளியேற்ற வேண்டிவரலாம். கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கே இப்படி உறைக்குள் காற்று புகுந்தது.

காய்ச்சலோ இருமலோ இருக்கையில் திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கழுத்து வீக்கம் வந்தால் வீட்டு வைத்தியத்தில் நேரம் கடத்தாதீர்கள். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.