புராஸ்டேட் வீக்கம்: எத்தனை கிராம் ஆனா ஆபரேஷன்?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடை அங்கங்கே சரிசெய்யப்பட்டிருக்கிறது.)

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ ரெண்டு ஸ்கேன் ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. ஒண்ணு விழுப்புரத்துல இருக்கிற அப்பாவோடது. புராஸ்டேட் 62 கிராம், கிரேடு 3. இன்னொண்ணு திண்டிவனத்துல இருக்கிற பெரிய மாமாவோடது. 34 கிராம், கிரேடு 2. "இன்ஜினியர் பையன், படிச்சு சொல்லுவான்" என்பதைத் தவிர எனக்கு இதுல ஒரு தகுதியும் கிடையாது. கிராம் கணக்கைப் பாத்து வீட்ல எல்லாரும் அப்பாவுக்காகத்தான் பயந்தோம்.

ஆனா ஆபரேஷன் மாமாவுக்குத்தான் நடந்தது. அப்பா இன்னிக்கும் ஒரு மாத்திரையோட நல்லா இருக்கார். ஏன் இப்படி ஆச்சுங்கிறதுதான் இந்த எபிசோட்.

புராஸ்டேட் சாதாரணமா 20 கிராம் இருக்கும், கிட்டத்தட்ட ஒரு கொட்டைப்பாக்கு மாதிரி. சிறுநீர்ப்பைக்குக் கீழ, சிறுநீர்க் குழாயைச் சுத்தி உக்காந்திருக்கு. வயசாக ஆக வளரும். 60 வயசை ஒட்டி ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது இருக்கும். இது புற்றுநோய் இல்லை. வெளிப்பக்கமா வளர்ந்தா 80 கிராம் ஆனாலும் குழாய் தப்பிச்சிடலாம். உள்பக்கமா, சிறுநீர்ப்பை வாசலை நோக்கி வளர்ந்தா 30 கிராமே போதும் அடைக்க. சர்வர் எவ்வளவு பெருசுன்னு பாக்காதீங்க, கியூ எங்க நிக்குதுன்னு பாருங்க.

அடைப்பு வந்தா முதல்ல சிறுநீர்ப்பை தசை தடிச்சு இன்னும் பலமா தள்ளும். வருஷக்கணக்கா தள்ளித் தள்ளி ஒரு கட்டத்துல சோர்ந்து போகும். உள்ள சிறுநீர் தேங்க ஆரம்பிக்கும். தேங்கினா கிருமி வரும், கல் வரும், அழுத்தம் பின்னால ஏறி சிறுநீரகம் வீங்கும். மாமாவுக்கு நடந்தது இதுதான். ஒண்ணுக்குப் போய்ட்டு வந்த பிறகும் உள்ள 300 மில்லிக்கு மேல மிச்சம். ரெண்டு சிறுநீரகமும் வீங்கியிருந்தது, கிரியாட்டினின் ஏறியிருந்தது. இந்த வரிகள் எல்லாம் ரிப்போர்ட்டோட ரெண்டாம் பக்கத்துல இருந்தது, நாங்கதான் முதல் பக்கத்தோட நிறுத்திட்டோம்.

மாமாகிட்ட கேட்டா, "எனக்கு ஒண்ணுமில்ல மாப்ள, வலியே கிடையாது" என்பார். அது பொய்யும் இல்லை. மெதுவா தேங்கும்போது வலிக்காது. விஷயத்தைச் சொன்னது அத்தைதான்: "ரெண்டு மாசமா பெட்ஷீட்டை அவரே துவைக்கிறாருப்பா." வயசான ஆண் ராத்திரி தூக்கத்துல படுக்கையை நனைக்கிறார்னா, நிரம்பி வழியுற அறிகுறியா இருக்கலாம், காத்திருக்கக் கூடாது. மாமாவுக்கு முதல்ல டியூப் போட்டு, சிறுநீரகம் கொஞ்சம் தேறின பிறகுதான் ஆபரேஷன்.

சரி, டாக்டர்கள் எப்போ கண்டிப்பா ஆபரேஷன் பக்கம் போவாங்க? அடைப்பால சிறுநீரகம் கெடுறப்போ. மொத்தமா அடைச்சு, டியூப் போட்டு, மாத்திரை கொடுத்து டியூபை எடுத்துப் பாத்தும் மறுபடி போகலைன்னா. சிறுநீர்ப்பைல கல் வந்தா. ரத்தம் திரும்பத் திரும்ப வந்தா. கிருமித் தொற்று விடாம வந்தா. 2024 டிசம்பர்ல இஸ்ரேல் பிரதமர் நெதன்யாஹு தன் 75 வயசுல புராஸ்டேட் ஆபரேஷன் பண்ணிக்கிட்டார். வீக்கத்தால வந்த சிறுநீர்த் தொற்றுதான் காரணம்னு அவர் அலுவலகமே சொன்னது. இந்தக் காரணங்கள்ல எதுலயும் கிராம் இல்லை பாருங்க. சைஸ் பாக்கிறது எந்த முறையில ஆபரேஷன் பண்றதுன்னு முடிவு பண்ணத்தான்.

இதுல எதுவும் இல்லாதவங்களுக்கு, அதாவது அப்பா மாதிரி ஆட்களுக்கு, முடிவு அவங்க கையில. ஏழு கேள்வி இருக்கு: எத்தனை தடவை போறீங்க, அடக்க முடியுதா, முக்க வேண்டியிருக்கா, ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கீங்க, இப்படி. மொத்தம் 35 மார்க். 7 வரைக்கும் லேசு, 19 வரைக்கும் நடுத்தரம், 20க்கு மேல கடுமை. ஆனா எனக்குப் பிடிச்சது எட்டாவது கேள்விதான்: வாழ்நாள் முழுக்க இப்படியே இருந்தா உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்பாவுக்கு 13 மார்க், மிச்சம் 40 மில்லி. "ரெண்டு தடவை எழுந்திருச்சா என்ன இப்போ?" என்றார்.

மாத்திரை ரெண்டு வகை. டாம்சுலோசின் மாதிரி வாசலைத் தளர்த்துறது சில நாள்லயே தெரியும். எழுந்தா தலை சுத்தலாம். கண்புரை ஆபரேஷன் வருதுன்னா, இது சாப்பிடுறதைக் கண் டாக்டர்கிட்ட மறக்காம சொல்லணும். ஃபினாஸ்டரைட், டூட்டாஸ்டரைட் புராஸ்டேட்டையே சுருக்கும், ஆனா ஆறு மாசம் வரை பொறுக்கணும். அது பிஎஸ்ஏ அளவைப் பாதியாக் காட்டும், அதையும் சொல்லணும். 1998ல வெளியான நாலு வருஷ ஆய்வுல, சும்மா மாத்திரை சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு 10 பேருக்கு ஆபரேஷன் தேவைப்பட்டது, ஃபினாஸ்டரைட் சாப்பிட்டவங்கள்ல 5 பேருக்கு.

காத்திருக்கலாமா? 1995ல அமெரிக்காவுல, நடுத்தர தொந்தரவு இருந்த 556 பேரை ரெண்டா பிரிச்சு, பாதிப் பேருக்கு உடனே ஆபரேஷன், மீதிப் பேருக்குக் கண்காணிப்பு மட்டும்னு பாத்தாங்க. மூணு வருஷத்துல காத்திருந்தவங்கள்ல 24 சதவீதம் பேர்தான் ஆபரேஷனுக்குப் போனாங்க. அதனால காத்திருக்கிறது தப்பில்லை. ஆனா பிற்பாடு பாத்தப்போ, தள்ளிப்போட்டுப் பண்ணிக்கிட்டவங்களுக்குக் கிடைச்ச பலன் கொஞ்சம் குறைவு. சோர்ந்த தசை முழுசா திரும்பி வரலை.

ஆபரேஷன்னா பெரும்பாலும் வயித்தைக் கீற மாட்டாங்க. சிறுநீர்க் குழாய் வழியாவே போய், அடைக்கிற பகுதியைச் சுரண்டி எடுப்பாங்க. ரொம்பப் பெருசா இருந்தா லேசர். முன்னாடியே கேட்டுக்க வேண்டியது ஒண்ணு: பிறகு பெரும்பாலானவங்களுக்கு விந்து வெளிய வராம சிறுநீர்ப்பைக்குள்ள போயிடும். ஆபத்து இல்லை, ஆனா தெரியாம போய் அதிர்ச்சி ஆகக் கூடாது. வெளி ஓடு அங்கேயே இருக்கிறதால புற்றுநோய் பரிசோதனையும் நிக்காது.

ஒரு அவசர விஷயம். சளி மாத்திரை பலதுல மூக்கடைப்புக்கான மருந்து இருக்கும். அதைப் போட்டுட்டு, கிளாம்பாக்கத்துல ஏறி, விழுப்புரம் வரைக்கும் அடக்கிட்டு வந்தா, இறங்கினப்போ ஒரு சொட்டும் வராம போகலாம். வயிறு கல்லா இருக்கும், உயிர் போற வலி. காலைல பாக்கலாம்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க. நம்ம பக்கம் முண்டியம்பாக்கத்துல அரசு மருத்துவக் கல்லூரி ஹைவே மேலயே இருக்கு. சிறுநீரகவியல் துறையோட ஜிப்மர், ரெண்டு ஊர்ல இருந்தும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா அட்மிஷனுக்கு முன்னாடியே காட்டிக் கேளுங்க.

2024 ஜனவரியில மன்னர் சார்லஸுக்குப் புராஸ்டேட் வீக்கத்துக்கு சிகிச்சைன்னு அரண்மனையே அறிவிச்சது. உடனே பிரிட்டன் அரசு மருத்துவ சேவையோட இணையப் பக்கத்துல அதைத் தேடிப் படிச்சவங்க எண்ணிக்கை பல மடங்கு ஏறுச்சு. நம்ம வீட்ல அரண்மனை அறிவிப்பு வராது. ஞாயித்துக்கிழமை போன்ல "சாப்டாச்சா"க்கு அப்புறம், "ராத்திரி எத்தனை தடவைப்பா எழுந்திருக்கீங்க?"ன்னு நாமதான் கேக்கணும். அப்பா மழுப்பினா, போனை அம்மாகிட்ட கொடுக்கச் சொல்லுங்க.