பழி மட்டும் மோட்டார் மேல்!

குழம்பும் கூட்டும் எழுத வேண்டியவள் கார் ரிப்பேரைப் பற்றி எழுத வந்துவிட்டாளே என்று சிரிக்காதீர்கள். 2024 மே மாதம் வரை எனக்கும் காருக்கும் இருந்த சம்பந்தம், ஏறி உட்காருவது, இறங்குவது, அவ்வளவுதான். அன்று மலைப்பாதையில் என் மாமியாருக்கு மயக்கம் வந்த பிறகுதான் கார்க் கதவுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தோன்றியது.

எங்கள் ஊர் திருத்தணி. முருகனைப் பார்க்க 365 படிகள் ஏற வேண்டும். வருஷத்தின் நாளுக்கு ஒரு படி என்பார்கள். முழங்கால் வலிக்காரர்களுக்காக மலைமேல் வரை வண்டி போகும் பாதையும் இருக்கிறது. எங்கள் ஊர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கோடை வந்துவிட்டால் வெப்பச் செய்தியில் வேலூரோடு போட்டி போட்டுக்கொண்டு எங்கள் ஊர்ப் பெயரும் வரும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அக்னி நட்சத்திர வெயில். எங்களுடையது 2006ஆம் வருஷத்து வண்டி. 15 வருஷம் முடிந்ததும் ஆர்.சி.யை மேலும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த வாரம் பார்த்து ஏ.சி.யில் காஸ் போய்விட்டது. மலைப்பாதையில் வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பின் இருக்கையில் இடது பக்கம் அத்தை, 76 வயது, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர். அவர் பக்கத்துக் கண்ணாடியை இறக்கப் பொத்தானை அழுத்தினால் ‘ம்ம்’ என்று ஒரு முனகல், அப்புறம் அதுவும் இல்லை. மற்ற மூன்று கண்ணாடிகளையும் இறக்கினோம். வண்டி நகர்ந்தால்தானே காற்று! வெயில் முழுவதும் அத்தை பக்கம்.

“ஏம்மா, கண்ணை இருட்டுதே” என்றார். அவ்வளவுதான், தலை சாய்ந்துவிட்டது. அவசரமாகக் கதவைத் திறந்து, கைத்தாங்கலாக ஒரு மர நிழலுக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்து, காலைச் சற்று உயர்த்தி, கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறினோம். நன்றாக நினைவு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுத்தோம். முருகன் புண்ணியத்தில் கால் மணியில் எழுந்து உட்கார்ந்தார். (பேச்சுக் குழறினாலோ, நினைவு தவறியே இருந்தாலோ வாயில் எதுவும் ஊற்றாமல் உடனே 108க்குச் சொல்லிவிட வேண்டும்.)

மறுநாளே வண்டியை ஒரு ஒர்க் ஷாப்பில் விட்டோம். கதவைத் தட்டிப் பார்த்த பையன், “மோட்டார் போச்சு, செட்டோட மாத்தணும்” என்றான். 4,800 ரூபாய் ஆயிற்று. பழைய மோட்டாரை நான் கேட்டு வாங்கிப் பரணில் போட்டேன். எதையும் சும்மா விட மனசு வராது எனக்கு. இரண்டே வாரம்! புது மோட்டாரும் அதே முனகல், அதே மௌனம். என் வீட்டுக்காரர், “பழைய வண்டியைத் தலைமுழுகினால்தான் நிம்மதி” என்று ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு மட்டும் ஒரு சந்தேகம். காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து பொத்தானை அழுத்திப் பார்த்தால் கண்ணாடி இறங்குகிறது, ஏறுகிறது. மத்தியானம் அழுத்தினால் பாதியில் நிற்கிறது. பத்து நிமிஷம் விட்டு அழுத்தினால் திரும்பவும் வேலை செய்கிறது. செத்துப்போன மோட்டார் பத்து நிமிஷத்தில் பிழைக்குமா? நம் வீட்டு மிக்சி ஞாபகம் வந்தது. இட்லிமாவைக் கெட்டியாகப் போட்டு அரைத்தால் மிக்சி சட்டென்று நின்றுவிடும். அடியில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் மறுபடி ஓடும். மோட்டார் கெடவில்லை, சுமை தாங்காமல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றது. கார் ஜன்னலிலும் அப்படித்தானோ?

அப்படித்தான் என்று சொன்னவர் ஒரு வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன். நகரிப் பக்கத்துக்காரர். எங்கள் ஊர் 1960 ஏப்ரல் 1ஆம் தேதி தமிழ்நாட்டோடு சேரும் வரை ஆந்திராவில் இருந்ததுதானே. இங்கே தமிழும் தெலுங்கும் ஒரே வாயில் வரும். பரணில் இருந்த பழைய மோட்டாரை எடுத்து வந்து கொடுத்தேன். பாட்டரியிலிருந்து இரண்டு ஒயர் கொடுத்தார். சர்ரென்று சுற்றியது. ஒயர்களை இடம் மாற்றிக் கொடுத்தார், எதிர்ப்பக்கம் சுற்றியது. “மோட்டார் பாகுந்தி, அக்கா” என்று சிரித்தார். நன்றாகத்தான் இருக்கிறதாம்! எனக்கு 4,800 ரூபாய் கண் முன்னால் வந்து போயிற்று.

பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவர் செய்ததை முழுவதும் பார்த்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன்.

அந்த நாள் அம்பாசிடரிலும், 1983 டிசம்பரில் வந்த மாருதி 800லும் கையால் சுற்றும் பிடி இருந்தது. நாம் கையால் செய்த வேலையை இப்போது கதவுக்குள் இருக்கும் 12 வோல்ட் மோட்டார் செய்கிறது. மோட்டார் ஒரு பல்சக்கரத்தைச் சுற்ற, அது கம்பிக் கயிற்றையோ கத்தரிக்கோல் போன்ற இரும்புக் கைகளையோ இழுக்க, கண்ணாடி ஏறி இறங்கும். இந்த அமைப்பை மெக்கானிக்குகள் ‘கிளாஸ் மெஷின்’ என்கிறார்கள். கண்ணாடியின் இரண்டு ஓரமும் ரப்பர் பள்ளத்துக்குள் ஓடும். ஏறவோ இறங்கவோ முடியாமல் கண்ணாடி இறுகிக்கொண்டால் மோட்டார் சூடாகிவிடும். எரிந்துவிடாமல் இருக்க, சூடானால் மின்சாரத்தை நிறுத்தும் ஒரு காப்பு பல மோட்டார்களுக்குள்ளேயே இருக்கிறது. ஆறிய பின் தானே விட்டுக்கொடுக்கும். வெயில் நேரத்தில் கதவே கொதிப்பதால் இன்னும் சீக்கிரம் நின்றுவிடும். காலை ஓடி மத்தியானம் நின்ற ரகசியம் இதுதான்.

அவர் முதலில் கண்ணாடியை மேலே ஏற்றி, கதவுச் சட்டத்தோடு அகலமான டேப்பால் ஒட்டினார். உள்ளே கழற்றும்போது கண்ணாடி தடாலென்று விழாமல் இருக்க! பிறகு பாட்டரி இணைப்பை எடுத்தார். கைப்பிடிக்குள் மறைந்திருந்த ஸ்குருக்களைக் கழற்றி, கதவின் உள்பலகையை ஓரம் ஓரமாக நெம்பி எடுத்தார். உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக் கிழிக்காமல் உரித்தார். “இது இல்லேன்னா மழைத் தண்ணி சீட்டுக்கு வந்துடும் அக்கா, திரும்ப ஒட்டியே ஆகணும்” என்றார். மெஷினிலிருந்து கண்ணாடியை விடுவித்து, டேப்பை எடுத்துவிட்டுக் கையால் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். நகர்ந்தால்தானே! பழுது அங்கே இருந்தது.

வெயிலில் ரப்பர் கட்டை போல் இறுகிவிட்டது. பள்ளம் முழுவதும் கறுப்பாகப் பசை போல் அழுக்கு. விரலால் எடுத்து முகர்ந்து பார்த்தவர், “யாரு தேங்கா எண்ணெய் விட்டது?” என்று கேட்டார். நான்தான்! முந்தின வருஷம் கண்ணாடி கிறீச்சிடுகிறதே என்று, தையல் மெஷினுக்கு விடுகிற மாதிரி நாலு சொட்டு விட்டிருந்தேன். எண்ணெய் ரோட்டுத் தூசியை எல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டது. எண்ணெயும் கிரீசும் ரப்பருக்கும் ஆகாதாம். ரப்பருக்கென்று கடையில் விற்கும் சிலிக்கோன் ஸ்பிரேதான் அடிக்க வேண்டுமாம். புது ரப்பர் 600 ரூபாய், கூலி 400. ஆயிரம் ரூபாயில் முடிய வேண்டிய காரியத்துக்கு முதலில் 4,800 அழுதோம்.

உங்கள் வண்டியிலும் ஜன்னல் நின்றுவிட்டால், ‘மோட்டார் போச்சு’ என்று யார் சொன்னாலும் பணத்தை எடுக்குமுன் இவற்றைப் பாருங்கள்.

எல்லா ஜன்னலும் ஒரேயடியாக நின்றிருந்தால் பெரும்பாலும் பியூஸ். அதே ஆம்பியர் பியூஸ்தான் போட வேண்டும். பெரிய பியூசோ கம்பியோ சுற்றி ஒப்பேற்றினால் ஒயர் தீப்பிடிக்கும்.

ஒரு ஜன்னல் மட்டும் நின்றிருந்தால், டிரைவர் பக்கத்துப் பொத்தானிலும் அந்தக் கதவுப் பொத்தானிலும் மாறி மாறி அழுத்துங்கள். ஒன்றில் வேலை செய்து மற்றதில் செய்யாவிட்டால் பழுது பொத்தானில். டிரைவர் பக்கத்தில் ஜன்னல்களைப் பூட்டும் பொத்தான் தெரியாமல் அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பொத்தானை அழுத்தும்போது உள்விளக்கு மங்கினால் மோட்டாருக்கு மின்சாரம் போகிறது, எங்கோ இறுக்கம் என்று அர்த்தம். சத்தமே இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் ஒயரைச் சந்தேகப்படலாம். பழைய வண்டிகளில் கதவு மடங்கும் இடத்து ரப்பர்க் குழாய்க்குள் ஒயர் மடங்கி மடங்கி அறுந்துவிடும்.

மோட்டார் சுற்றும் சத்தம் கேட்டும் கண்ணாடி அசையாவிட்டால், கயிறு அறுந்திருக்கும் அல்லது பல்சக்கரம் தேய்ந்திருக்கும்.

மோட்டாரின் பிளக் வரைக்கும் 12 வோல்ட் வந்தும், நேராகப் பாட்டரி கொடுத்தும் சுற்றாவிட்டால்தான் மோட்டார் குற்றவாளி. அப்போதும் உடனே தூக்கி எறிய வேண்டாம். மிக்சியில் தேய்கிற அதே கார்பன் பிரஷ் இதிலும் உண்டு. சிலவற்றைத் திறந்து சுத்தம் செய்து ஓட வைக்கலாம். தண்ணீர் புகுந்து துருவேறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். பழைய வண்டிக்குப் புது சாமான் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டை இருக்கிறது. இடது கதவா வலது கதவா, பிளக்கில் எத்தனை பின் என்று பார்த்து, அங்கேயே பாட்டரி கொடுத்து ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கதவைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவர்களிடமே விடுங்கள். கத்தரிக்கோல் மாதிரி மெஷினில் ஸ்பிரிங் இருக்கும். தப்பாகக் கழற்றினால் விரலைப் பதம் பார்த்துவிடும்.

ஜன்னல் சரியான சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாள் கொழுந்தனாரின் ஐந்து வயதுப் பையன் பின் இருக்கையில் முழங்காலிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முழங்கால் பொத்தானில் பட, கண்ணாடி விறுவிறுவென்று ஏற ஆரம்பித்துவிட்டது. முன்பு முக்கி முனகிய கண்ணாடி இப்போது பலசாலி ஆயிற்றே! நல்லவேளை, நான் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துவிட்டேன். புது வண்டிகள் சிலவற்றில் ஏதாவது தடுத்தால் கண்ணாடி தானே கீழிறங்கும். எங்களுடையது மாதிரிப் பழைய வண்டியில் அந்த வசதி கிடையாது. அன்றிலிருந்து குழந்தைகள் ஏறினால் முதல் காரியம் ஜன்னல் பூட்டுப் பொத்தானை அழுத்துவது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நின்றிருந்த காருக்குள் ஏறி விளையாடிய மூன்று குழந்தைகள் வெளியே வர முடியாமல் இறந்து போனார்கள். 2005இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் சூடு கூடுகிறது. அதில் 80 சதவீதம் முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தாலும் பெரிதாகப் பயனில்லை. ‘இதோ இரண்டு நிமிஷத்தில் வந்துவிடுகிறேன்’ என்று குழந்தையையோ வயதானவரையோ உள்ளே விட்டுப் போகவே கூடாது. வீட்டு வாசலில் நிற்கும் வண்டியாக இருந்தாலும் பூட்டி, சாவியை எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.

இப்போது மாதம் ஒருமுறை, வீட்டு ஜன்னல் துடைக்கிற நாளில், கார் ஜன்னல் ரப்பரையும் ஈரத்துணியால் துடைத்துக் காய்ந்த பின் ஸ்பிரே அடித்து விடுகிறேன். கால் மணி வேலை. வண்டியை விற்கும் பேச்சு நின்றுவிட்டது.

போன கிருத்திகைக்கு மலைக்குப் போகும்போது அத்தையே பொத்தானை அழுத்திக் கண்ணாடியை இறக்கினார். வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, அந்த ஸ்பிரேயை என் முழங்காலுக்கும் கொஞ்சம் அடிச்சு விடேன், அடுத்த தரம் படியேறியே வந்துடறேன்” என்றாரே பார்க்கணும்!